மதுரையில் ஒரு மால்ட் வியாபாரி

மதுரையில் இறங்கும்போதே எனக்கு நாக்கு செத்துப் போயிருந்தது. விமானத்தில் கொடுத்த தக்காளிச் சாறும், இடையில் காத்துக் கிடந்த நேரத்தில் குடித்த காப்பிகளும் சேர்ந்து வாய்க்குள் ஒரு பழைய சாக்கை விரித்து வைத்திருந்தன. நாக்கை வைத்துப் பிழைக்கிறவளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பினாங்கில் மதுபானம் இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியில் விஸ்கிகளைச் சுவைத்து மதிப்பெண் போடுவது என் வேலை. முகர்வேன், வாயில் வைப்பேன், துப்புவேன், எழுதுவேன். கோயிலில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் "இறக்குமதி" என்பேன். யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை.

இந்திய விஸ்கிக்கு இப்போது வெளியூரில் பேர் வந்துவிட்டது. என் முதலாளி லிம்முக்கு அதில் இரண்டு மூன்றையாவது பினாங்குக்குக் கொண்டுவர ஆசை. வடிசாலை வடிசாலையாக ஆள் அனுப்பினால் செலவு. மதுரையிலிருந்து இளங்கோ என்ற ஏஜென்ட், எல்லா ஊர்ச் சரக்கிலும் மாதிரி சேர்த்து ஒரே இடத்தில் வைத்துத் தருவதாகச் சொன்னார். ஒப்பிட்டுப் பார்க்க ஸ்காட்லாந்து, அயர்லாந்து, அமெரிக்கா, ஜப்பான் சரக்குகளும் இருக்கும். "நீதான் தமிழ் பேசுவாயே, போய்விட்டு வா" என்றார் லிம். ஐம்பத்தாறு வயதில் முழங்கால் வலியோடு விமானம் ஏற அது ஒரு காரணம்.

வாசலில் இளங்கோ நின்றிருந்தார். நாற்பதைத் தாண்டிய ஆள். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. பெட்டியை என் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

"வாங்க மேடம். பயணமெல்லாம் சவுரியமா? உங்களுக்குப் பூர்வீகம் எந்த ஊரு?"

தெரியாது என்றேன். தாத்தா சொல்லவில்லை, அப்பா கேட்கவில்லை. மதுரையில் இருந்த நாட்களில் இதே கேள்வியை ஆட்டோக்காரர், விடுதி வரவேற்பாளர், துணி துவைத்துத் தந்த அம்மா என்று எல்லோரும் கேட்டார்கள். இரண்டாம் நாளிலிருந்து வாயில் வந்த ஊரைச் சொல்ல ஆரம்பித்தேன். அந்த அம்மாவிடம் எழுமலை என்று சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டேன். அவர் எழுமலைக்காரர். எந்தத் தெரு என்று கேட்டார்.

சுவைக்கும் வேலைக்கு விடுதியின் இரண்டாவது மாடியில் ஒரு கூட்ட அறையை எடுத்திருந்தார் இளங்கோ. விடுதிக்கு மதுக்கூட உரிமம் இருந்ததால் சட்டச் சிக்கல் இல்லை. சிக்கல் வாசனையில் இருந்தது. சமையலறை நேர் கீழே. காலை ஒன்பது மணிக்கே வெங்காயமும் சோம்பும் வதங்கும் வாசம் சன்னல் வழியாக ஏறி வந்தது. போதாததற்குக் கீழ்த்தளத்தில் ஒரு கல்யாணம். மின்தூக்கிக்குள் போனால் மல்லிகைப்பூ மூட்டைக்குள் விழுந்த மாதிரி இருந்தது. கோப்பைகளில் ஊற்றித் தர விடுதியிலிருந்து அனுப்பிய பெண்ணின் தலையிலும் இரண்டு முழம்.

"தப்பா நினைக்காதம்மா. வேலை முடியற வரைக்கும் இந்தப் பூவை வெளியில வச்சிருக்க முடியுமா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மதுரையில் ஒரு பெண்ணிடம் பூவை எடு என்று முதன்முதலில் சொன்னது நானாகத்தான் இருக்கும். பூவை எடுத்து, ஈரத்துணியில் சுற்றி, வராந்தா சன்னலில் வைத்துவிட்டு வந்தாள்.

முறை எளிமையானது. பதினான்கு விஸ்கிகள். எந்தக் கோப்பையில் எது என்று அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு எண் மட்டும். வாசனைக்கு இருபத்தைந்து, சுவைக்கு இருபத்தைந்து, துப்பிய பின் நிற்கும் ருசிக்கு இருபத்தைந்து, எல்லாம் சேர்ந்து பொருந்துவதற்கு இருபத்தைந்து. ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் நான் தொடுவதில்லை. தொட்டால் ஆறாவதற்கு அநியாயம் நடக்கும்.

முதல் நாள் மூன்றாவது கோப்பையில் ஸ்காட்லாந்துத் தீவுச் சரக்கு ஒன்று வந்தது. கரிப்புகை, அயோடின், மழை நனைத்த கயிறு. எண் இல்லாமலே அடையாளம் சொல்லலாம். நான்காவது அமெரிக்கச் சோள விஸ்கி, வெண்ணிலாவும் புதுப் பலகையும். ஐந்தாவதை முகர்ந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காய்ந்த ஆரஞ்சுத் தோல், வெல்லப்பாகு, நடுவில் லேசாக ஒரு மிளகு. வாயில் வைத்ததும் அந்த எதிர்பார்ப்பு பாதிதான் நிறைவேறியது. பீப்பாய்ப் பலகையின் துவர்ப்பு இன்னும் அடங்கவில்லை. துப்பியதும் ருசி சட்டென்று போய்விட்டது. வாசனை இருபது, சுவை பதினெட்டு, நிற்பது பதினைந்து, பொருத்தம் பதினெட்டு. எழுபத்தொன்று. எழுதிவிட்டு வாயைக் கொப்பளித்தேன்.

இளங்கோ அறையின் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் எழுதும்போதெல்லாம் என் பேனாவைப் பார்த்தார்.

மதுரைக்கு வந்து நான் சாப்பிட்டது ரொட்டியும் தயிர்ச்சோறும். காரம், வெங்காயம், பூண்டு, புளி எதுவும் கூடாது. வாய் ஒரு வாரத்துக்குச் சுத்தமாக இருக்க வேண்டும். விடுதிக்கு எதிரே ஒரு கடையில் சாயங்காலமானால் பரோட்டாக் கல்லில் இரும்புக் கரண்டிகள் தாளம் போடத் தொடங்கும். பினாங்கிலும் கல்லும் பரோட்டாவும் உண்டு. அங்கே கொத்துகிற சத்தம் இல்லை. சன்னலைச் சாத்திவிட்டுத் தயிர்ச்சோற்றைப் பிசைந்தேன். பரிமாற வந்த பையன் பரிதாபப்பட்டு, "வயித்துக்கு முடியலையாம்மா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அதுதான் விளக்கச் சுலபம்.

லிம் போன் செய்தார். ஹொக்கியன் சீனமும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். தமிழில் இப்படி வரும்: "நல்லதாக ஒன்று கிடைத்ததா? எண்பதுக்குக் கீழே இருந்தால் எனக்குச் சொல்லவே வேண்டாம். ஊர் எப்படி இருக்கிறது? அங்கே என்ன சாப்பிட்டாய்?" ரொட்டி என்றேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை மதியத்தோடு அன்றைய வேலை முடிந்தது. இளங்கோ என்னைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அலங்காநல்லூர் பக்கம் ஒரு கிராமம். மறுநாள் நான்கு கோப்பைகள் பாக்கி இருந்தன. எனக்குப் படுத்துத் தூங்கத்தான் ஆசை. "வீட்டுல உங்களப் பாக்கணும்னு சொல்லிட்டே இருக்காங்கக்கா" என்றார். மேடம் எப்போது அக்கா ஆனேன் என்று கவனிக்கவில்லை. சரி என்றேன்.

போகும் வழியில் சிம்மக்கல்லில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். உள்ளூரில் மக்கள் தினமும் வாங்கிக் குடிக்கிற மலிவு விஸ்கி ஒன்று வேண்டும். கரும்புச் சக்கைப்பாகில் வடித்த சாராயத்தில் வாசனை சேர்த்த சரக்கு. எங்கள் கணக்கில் அது விஸ்கியே இல்லை. ஆனாலும் அது எப்படி இருக்கிறது என்று தெரியாமல் ஓர் ஊரைப் பற்றி எழுதக் கூடாது என்பது என் பழக்கம். தெருவுக்குள் அரசு மதுக்கடை இருந்தது. இளங்கோவை வாங்கி வரச் சொன்னேன்.

அவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தார். "நான் அங்கிட்டு இறங்க முடியாதுக்கா."

"ஏன்?"

"தெரிஞ்சவங்க பாத்துருவாங்க."

மதுபான ஏஜென்ட், மதுக்கடைக்குப் போனால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களாம். பேசத் தெம்பில்லாமல் நானே இறங்கினேன். கடை அப்போதுதான் திறந்திருந்தது. கம்பிக்கு முன்னால் ஒரே முதுகுகள். சேலை கட்டிய ஒருத்தி பின்னால் வந்து நிற்கிறாள் என்று தெரிந்ததும் ஒரு முதுகு விலகியது. பிறகு எல்லா முதுகுகளும்.

"அம்மாவுக்கு வழி விடுங்கப்பா."

"அண்ணே வரலையாம்மா? நீங்க அலையுறீங்க?"

விஸ்கியில் எது அதிகம் போகும் என்று கேட்டேன். லுங்கி கட்டிய ஒருவர் பொறுப்பை எடுத்துக்கொண்டார். "பச்ச லேபிளத் தொடாதீங்க, காலையில தலையத் தூக்க முடியாது. அந்தச் செவப்பு நாப்பது மார்க்கு. அதுக்குப் பக்கத்துல இருக்குது பாருங்க, அது அறுவது. அதுக்கு மேல இங்க எதுவும் இல்ல." அறுபதை வாங்கிக்கொண்டேன். இதே வேலையை அவர் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தார்.

வண்டிக்குத் திரும்பினால் இளங்கோவைக் காணோம். பக்கத்து மொத்தக் கடையிலிருந்து கையில் பெரிய பையோடு வந்தார். உள்ளே கேப்பை மால்ட் பொடிப் பொட்டலங்கள். பாலில் கலந்து பிள்ளைகளுக்குக் கொடுப்பார்களே, அது. என் பாட்டிலைப் பின்பெட்டியில் ஸ்டெப்னிக்கு அடியில் துணி சுற்றி வைத்தார். மால்ட் பையை முன்சீட்டில் வைத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்கவும் இல்லை. வெயில் அப்படி.

ஆற்றைத் தாண்டி ஊர் குறைந்து வயல் வந்தது. ஒரு வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுத்தது. பஞ்சர். ஸ்டெப்னியை எடுத்து மாட்டினால் அதிலும் காற்று இல்லை. இளங்கோவின் வெள்ளைச் சட்டை முழுக்கக் கரி. கரும்பு வண்டிகளும் டவுன் பஸ்களும் எங்கள் மேல் புழுதியைக் கொட்டிவிட்டுப் போயின. அவர் வீட்டுக்குப் போன் செய்தார். கொஞ்ச நேரத்தில் ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் இளங்கோ பின்பெட்டியைப் படாரென்று சாத்தினார்.

அவள் இளங்கோவின் மனைவி தமிழ்ச்செல்வி. அரசுப் பள்ளியில் ஆசிரியை. "நீங்க ஏறுங்கக்கா. இவர் பஞ்சர் பாத்துட்டுப் பைய வரட்டும்" என்றாள். ஏறினேன்.

ஸ்கூட்டரில் போகும்போது தலையைத் திருப்பித் திருப்பிப் பேசினாள். எதிரே லாரி வந்தாலும் நிறுத்தவில்லை.

"உங்களப் பத்தி நெறையா சொல்லியிருக்காருக்கா. மலேசியாவுல பெரிய மால்ட் கம்பெனின்னு. நீங்க போடுற மார்க்குலதான் எல்லாமே இருக்காமே."

அப்போதுதான் எனக்கு முன்சீட்டுப் பை புரிந்தது. விஸ்கி வடிக்கிற பார்லிக்கும் மால்ட் என்றுதான் பேர்.

"அது கம்பா, கேப்பையாக்கா?"

"பார்லி."

"முளகட்டுவீங்களா?"

"முளைகட்டிக் காய வைப்பாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் ஊற வைப்பாங்க. ரொம்ப நாள்."

பொய் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சின்ன ஸ்கூட்டரில் அவள் தோளைப் பிடித்திருந்த கையை எடுத்துவிடலாமா என்று இருந்தது.

ஒரு திருப்பத்தில் வேகத்தைக் குறைத்து, பூட்டிக் கிடந்த ஒரு தகரக் கொட்டகையைக் காட்டினாள். "இங்கதான் ஒயின்ஷாப் இருந்துச்சு. எங்க பள்ளிக்கூடத்துக்குப் போற பாத. பொம்பளப் பிள்ளைகளால நடக்க முடியல. நாங்க பொம்பளைக எல்லாம் சேந்து வெயில்ல உக்காந்து, போலீஸ் தூக்கி, மறுபடி வந்து உக்காந்து, கடைசில கடையத் தூக்கிட்டாங்க. இவரும் அன்னைக்கு எங்களுக்கு மோரு கொண்டாந்து ஊத்துனாரு. இவரு அப்படி ஒரு சொட்டு தொட மாட்டாருக்கா. அந்த விஷயத்துல நான் குடுத்து வச்சவ."

நான் அந்தத் தகரக் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தேன்.

வீட்டில் எனக்காக ஆட்டுக்கறி குழம்பும் கோலா உருண்டையும் செய்திருந்தாள். நான் தயிர்ச்சோறு கேட்டதும் அவள் முகம் விழுந்துவிட்டது. நாளைக்கு இன்னும் வேலை இருக்கிறது, நாக்கு கெட்டுவிடும் என்றேன்.

"மால்ட்டு ருசி பாக்குறதுக்கா இம்புட்டுப் பத்தியம்?"

"நாளைக்கு மதியம் முடிஞ்சிரும்."

"அப்ப நாளைக்கு நானே சமைச்சுக் கொண்டாரேன். ஊருக்கு வந்துட்டு ரொட்டியத் தின்னுட்டா போவீங்க?" என்றவள் ஒரு தம்ளரை நீட்டினாள். "இதையாச்சும் குடிங்க. இவர் கம்பெனி சாம்பிளு. எங்க ஸ்கூல் பிள்ளைகளுக்கும் இதத்தான் கலக்கிக் குடுக்குறேன். எப்படி இருக்கு? நீங்கதான எக்ஸ்பர்ட்டு, சொல்லுங்க."

குடித்தேன். இனிப்பு கொஞ்சம் தூக்கல், ஏலக்காய் அளவு என்றேன். மனதில் வைத்துக்கொள்வேன் என்பது போல் தலையாட்டினாள். பிறகு இளங்கோ வந்தார். சாப்பிடும்போது என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

திரும்பி வரும்போது வண்டியில் அவரே ஆரம்பித்தார்.

"அக்கா, அவகிட்ட எதுவும் சொல்லிட்டீங்களா?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன். அவங்க சரியான கேள்வி கேக்கல."

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கோவாப் பக்கம் அவருடைய நண்பர் ஒருவர் சின்ன வடிசாலை வைத்திருக்கிறார். நான்கு வருடங்களுக்கு முன் இளங்கோவும் அதில் சேர்ந்து நான்கு பீப்பாய் நிரப்பினார். மால்ட் பிசினஸ் என்று வீட்டில் சொன்னார். அது உண்மைதான் என்று அப்போது தோன்றியதாம். தமிழ்ச்செல்வி பிள்ளைகள் குடிக்கிற மால்ட் என்று எடுத்துக்கொண்டாள். மறுத்துச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த நிமிடம் போய்விட்டது. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் சிம்மக்கல்லில் பொடி வாங்க வேண்டியிருந்தது.

"ஒரு நல்ல மார்க்கு வந்துட்டா, அத முன்னாடி வச்சுச் சொல்லிரலாம்னு இருந்தேங்க்கா. வெளிநாட்டுக்காரங்களே ஒத்துக்கிட்டாங்க பாருன்னு."

"உங்க சரக்கும் இந்தப் பதினாலுல இருக்கா?"

சாலையைப் பார்த்தபடியே தலையாட்டினார். எனக்குக் கோபம் வந்தது. சொந்தச் சரக்கை எனக்குத் தெரியாமல் வரிசையில் வைத்துவிட்டு, மூலையில் உட்கார்ந்து என் பேனாவைப் பார்த்திருக்கிறார். கத்தத் தெம்பில்லை. "எதுன்னு சொல்லிராதீங்க. சொன்னா எல்லாத்தையும் கொட்டிட்டு நாளைக்கே பிளேன் ஏறிருவேன்" என்று மட்டும் சொன்னேன். விடுதி வந்ததும் குட்நைட் கூடச் சொல்லாமல் இறங்கிப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடைசி நான்கையும் முடித்தேன். அயர்லாந்துச் சரக்கு ஒன்று, மூன்று முறை வடித்தது, வெண்ணெய் மாதிரி வழுக்கியது. ஜப்பான் ஒன்று, அழகாக இருந்தது, ஆனால் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. தென்னிந்தியச் சரக்கு ஒன்றுக்கு எண்பத்தாறு போட்டேன். வெயில் ஊரில் பீப்பாய்க்குள்ளிருந்து ஆண்டுதோறும் ஆவியாகிப் போகிற பங்கு அதிகம். மிஞ்சியது அந்த அளவுக்குச் செறிவாக இருந்தது. சிம்மக்கல் சிவப்புக்குப் பக்கத்து பாட்டிலையும் தனியாக ஊற்றிப் பார்த்தேன். லுங்கிக்காரர் கருணையுள்ளவர். நான் முப்பத்தெட்டு போட்டேன்.

ஊற்றிய பெண் எண்களுக்கு நேரே பெயர்களைச் சொன்னாள். முதல் நாள் ஐந்தாவது கோப்பைக்கு வந்ததும் இளங்கோவைப் பார்த்தாள். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"எழுபத்தொண்ணு" என்றேன்.

"மாத்த முடியாதாக்கா?"

"அது யாரோடதுன்னு தெரியாமப் போட்ட மார்க். அதனாலதான் அதுக்கு மதிப்பு."

"ஒரு தடவ, இன்னொரு தடவ மட்டும் ருசி பாத்துட்டு..."

வாசலில் யாரோ நிற்பது தெரிந்தது. தமிழ்ச்செல்வி. கையில் மூன்றடுக்குத் தூக்கு. கீழே கொடுத்துவிட்டுப் போகச் சொல்லி இளங்கோ வரவேற்பில் ஏற்பாடு செய்திருந்தார். அங்கே யாரும் இல்லாததால் ஏறி வந்துவிட்டாள்.

மேசையைப் பார்த்தாள். பாட்டில்கள், கோப்பைகள், நான் துப்பிய எவர்சில்வர் வாளி. அருகில் வந்து ஒரு கோப்பையை எடுத்து முகர்ந்தாள். கையை நீட்டித் தள்ளி வைத்தாள்.

"இதுதான் மால்ட்டா?" என்று என்னைக் கேட்டாள்.

இந்த முறை கேள்வி சரியாக இருந்தது. "ஆமாம்மா. இதுதான்" என்றேன்.

"இதுல இவர் செஞ்சது எது?"

நான் இளங்கோவைப் பார்த்தேன். ஐந்தாம் எண் பாட்டிலைத் தொட்டுக் காட்டினேன்.

"எம்புட்டு மார்க்கு?"

"எழுபத்தொண்ணு."

"பாஸா?"

"பாஸ்தான். ஆனா எங்க கம்பெனி எண்பதுக்குக் கீழ எடுக்காது."

"எதுல போச்சு?"

கேலி இல்லை. விடைத்தாளைப் பார்க்கிறவள் கேட்பது போலவே கேட்டாள். நானும் அப்படியே பதில் சொன்னேன். வாசனை நல்லா வந்திருக்கு, யாரும் குறை சொல்ல முடியாது. பலகையின் துவர்ப்பு அடங்கவில்லை. ருசி நிற்கவில்லை. அவசரப்பட்டுப் பீப்பாயிலிருந்து எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு வருடம் விட்டிருக்கலாம்.

அவள் முழுவதும் கேட்டாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள்.

"நாலு வருசம். ராத்திரியெல்லாம் தூங்காம உருண்டீங்களே, சுகர் இருக்கோன்னு நான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனேனே. எல்லாம் இந்த எழுபத்தொண்ணுக்கா?"

"செல்வி, நல்லா வந்தா சொல்லலாம்னு..."

"நல்லா வந்திருந்தா மட்டும் நான் விட்டிருப்பேனா? சண்ட போட்டிருப்பேன். ஊரக் கூட்டியிருப்பேன். சண்ட போட்டுட்டுச் சோறும் போட்டிருப்பேன். அந்தச் சண்டையக் கூட எனக்குக் குடுக்கலையே நீங்க." குரல் அங்கேதான் உடைந்தது. "பிள்ளைகளுக்கு என் கையால கலக்கிக் குடுத்தேன், உங்க கம்பெனி உங்க கம்பெனின்னு சொல்லி."

தூக்கை மேசை ஓரத்தில் வைத்தாள். "சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்கக்கா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இளங்கோ பின்னாலேயே ஓடினார். ஊற்றிய பெண் கோப்பைகளைச் சத்தமில்லாமல் கழுவத் தொடங்கினாள். அவளை உட்காரச் சொல்லி, இருவருமாகத் தூக்கைத் திறந்தோம். கறிக்குழம்பு, கோலா உருண்டை, ரசம். ஒரு வாரமாகச் சுத்தமாக வைத்திருந்த நாக்கில் அந்தக் குழம்பு பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாயாகத்தான் இருக்கும். அந்த வாரத்தில் என் வாய்க்குள் போன எதுவும் அதன் கிட்டே வராது.

மறுநாள் விமான நிலையத்துக்கு ஆட்டோ சொல்லியிருந்தேன். ஆட்டோ வருமுன் இளங்கோவின் கார் வந்து நின்றது. பின்சீட்டில் தமிழ்ச்செல்வி. முகம் வீங்கியிருந்தது. "ஏறுங்கக்கா, வழியனுப்ப வந்தோம்" என்றாள். ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சுற்றுச்சாலை வந்தது. ஒரு ரயில்வே கேட்டில் நின்றோம். அங்கே அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"ராத்திரி, எல்லாத்தையும் விட்டுர்றேன்னாரு. நான் வேணாம்னுட்டேன்க்கா."

"ஏம்மா?"

"நாலு வருசம் மால்ட்டுன்னு சொன்ன மனுசன். விட்டுட்டேன்னு சொன்னா அத மட்டும் எத வச்சு நம்புறது?"

முன்சீட்டில் இளங்கோவின் கழுத்து அசையவில்லை. அவள் தொடர்ந்தாள். "செய்யிறதச் சொல்லிட்டுச் செய்யட்டும். நான் எதுக்குறதச் சொல்லிட்டு எதுக்குறேன். வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வரக் கூடாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக கிட்ட இவரே வந்து, அது எங்க கம்பெனி மால்ட்டு இல்ல, கடையில வாங்குனதுன்னு சொல்லணும். அத மொதல்ல செய்யட்டும். மத்தது அப்புறம்."

"வாரேன்னு சொல்லியிருக்கேன்" என்றார் இளங்கோ, மெதுவாக.

"சொல்லியிருக்காரு" என்றாள் அவள், என்னிடம்.

ரயில் போயிற்று. கேட் திறந்தது. எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன. இத்தனை வருடம் மார்க் போட்டதில் ஆறுதல் சொல்ல மட்டும் பழக்கம் இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடிக்கவிட்டாள்.

விமான நிலையத்தில் இளங்கோ பெட்டியை இறக்கி வைத்தார். மீதமிருக்கும் மூன்று பீப்பாயையும் அவசரப்பட்டுத் திறக்காதீர்கள் என்றேன். தலையாட்டினார். அந்த மூன்றையும் பற்றி அவர் அப்போது நினைத்த மாதிரி தெரியவில்லை. தமிழ்ச்செல்வி இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். போய்ச் சேர்ந்ததும் போன் போடுங்கக்கா என்றாள்.

தள்ளுவண்டியோடு வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். இளங்கோ காரின் முன்கதவை அவளுக்காகத் திறந்து பிடித்திருந்தார். அவள் அந்தக் கதவைத் தாண்டிப் போய், பின்கதவைத் தானே திறந்து ஏறி உட்கார்ந்தாள். அவர் திறந்த கதவோடு சற்று நேரம் நின்றார். பின்னாலிருந்த டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார். சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு, சுற்றிப் போய், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பின்பார்வைக் கண்ணாடியைத் திருப்பி வைத்தார். அவள் முகம் தெரிவதற்காகத்தான் இருக்கும். கார் மெதுவாக நகர்ந்தது.